முதியோர் இல்லமும் நம் புனைகதையும்: சில எண்ணங்கள்

தமிழ்ச் சிறுகதையில் முதியோர் இல்லம் இன்று நன்கு பழகிய களமாகிவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடைபெறும் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் படைப்புகளைத் தொடர்ந்து வாசிப்போர் இக்களத்தில் அமைந்த கதைகளை ஆண்டுதோறும் எதிர்கொள்வர். நாமும் நடுவராக அமர்ந்து அத்தகைய கதைகள் பலவற்றைப் படித்துள்ளோம். படித்து முடித்தபின் எஞ்சி நின்ற ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். அக்கதைகளில் இல்லம் இருக்கிறது, முதியவரும் இருக்கிறார், ஆனால், அவர் அங்கே வாழ்கிறார் என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

கதையின் அமைப்பை நம் வாசகர்கள் அறிவர். தீபாவளிக்கு முதல்நாள். சன்னலோரத்தில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். கையில் மங்கிய நிழற்படம். மகன் வருவானா என்று வாயிலைப் பார்க்கிறாள். உடனே கதை முப்பது ஆண்டு பின்னோக்கிச் செல்கிறது. பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து மரம் சீவியது, தாலிக்கொடியை அடகு வைத்து மகனைப் படிக்க வைத்தது, அவன் பட்டம் பெற்றது, மருமகள் வந்தது, வீட்டில் இடம் குறைந்தது. மீண்டும் சன்னலுக்குத் திரும்பும்போது தாய் இறந்திருக்கிறாள். மகன் காலந்தாழ்ந்து வந்து நிற்கிறான். சில கதைகளில் அவனுடைய சிறுவயது மகன், 'அப்பா, நாளைக்கு உங்களை எந்த இல்லத்தில் விடவேண்டும்?' என்று கேட்பதோடு கதை முடியும். இவ்வகைக் கதைகளில் பெரும்பகுதி இல்லத்துக்கு வெளியே, கடந்த காலத்தில் நடக்கிறது. இல்லத்தில் நடப்பவை இரண்டே: காத்திருத்தலும் இறத்தலும்.

இதனை வழக்காடு மன்றக் கதை எனலாம். குற்றஞ்சாட்டப்பட்டவன் மகன். வாசகர் நீதிபதி. முதியவர் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்ட சான்றுப்பொருள். சான்றுப்பொருளுக்குப் பசி, பொறாமை, காமம், நகைச்சுவை, பக்கத்துக் கட்டிற்காரரோடு சண்டை முதலியன இருக்கக் கூடா. இருந்தால் வழக்கு வலுவிழந்துவிடும். எனவே அக்கதைகளின் முதியோர் எல்லாரும் ஒரே சாயலில் நல்லவர்களாக இருக்கின்றனர். மகனைத் தண்டிக்க வேண்டும் என்னும் அவசரத்தில் எழுத்தாளர் முதியவரின் ஆளுமையைப் பறித்துவிடுகிறார். மகன் செய்ததாகக் கூறப்படும் குற்றத்துக்கும் இதற்கும் நெடுந்தொலைவு இல்லை.

சொல்லும் பொருளும்

கதைகள் 'முதியோர் இல்லம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் வெவ்வேறு நிறுவனங்கள். மலேசியாவில் சமூக நலத்துறை நடத்தும் ரூமா செரி கெனாங்கான் இல்லங்களில் சேர, அறுபது வயது நிரம்பியிருத்தல், வாரிசோ நிலையான இருப்பிடமோ இல்லாதிருத்தல், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருத்தல் ஆகியவை நிபந்தனைகளாக உள்ளன. படுக்கையில் விழுந்த நோயாளர்க்கென அதே துறை ரூமா எஹ்சான் இல்லங்களை வேறாக நடத்துகிறது. தனியார் இல்லங்கள் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம், 2018ஆம் ஆண்டின் தனியார் முதியோர் நலப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் என்னும் இரு சட்டங்களோடு தொடர்புடையவை. சிங்கப்பூரிலோ 'தாதிமை இல்லம்' என்ற தனிச்சொல்லே வழக்கில் உண்டு. அது தாதியரின் நாள்முழுக் கவனிப்பு வேண்டியவர்க்கான இடம். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர், முதுமறதி நோய் முற்றியவர், குழாய்வழி உணவு பெறுபவர் முதலியோர் அங்கே இருப்பர்.

இவ்வேறுபாடு சட்ட நுணுக்கம் மட்டுமன்று. கதையின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பதும் இதுவே. தாதிமை இல்லத்தில் இருக்கும் மூதாட்டி எழுந்து சன்னலுக்கு நடந்து சென்று நிழற்படத்தைத் துடைத்துக்கொண்டிருக்க இயலாது. அவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கலாம். இல்லையேல் படுக்கைப்புண் வரும். பகல் முழுவதும் வேலைக்குச் செல்லும் ஒரு மகளால் அதனை வீட்டில் செய்ய முடியுமா என்னும் வினா எழுந்தவுடன் வழக்காடு மன்றம் தடுமாறத் தொடங்குகிறது. அதனாற்போலும் நம் கதைகள் அவ்வினாவை எழவிடுவதில்லை. அரசு இல்லத்தைக் களமாகக் கொண்ட கதையில் மருத்துவரான மகன் ஆடம்பர மகிழுந்தில் வந்திறங்குவதும் இத்தகையதே. வாரிசு இல்லாமை சேர்க்கைக்கு நிபந்தனையாக இருக்கும் இடத்துக்கு அம்மகன் எவ்வாறு வந்தான் என்பதே உண்மையில் எழுதத்தக்க கதை. பெயரை மறைத்தானா, தாயே மறைத்தாரா? தாயே மறைத்திருந்தால் அதனினும் சிறந்த கதை வேறில்லை.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது நியமன உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனியுறுப்பினர் மசோதாவாக அதனைக் கொண்டுவந்தார். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, அறுபது வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை அணுக அது வழி செய்தது. ஆகவே, மகனை விசாரிக்க இன்று உண்மையான மன்றமே இருக்கிறது. அம்மன்றத்திலும் பிள்ளை தன் பக்கத்தைச் சொல்லலாம். இளமையில் தன்னைக் கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய பெற்றோர் என்று நிறுவலாம். நம் சிறுகதை மன்றத்தில் பிள்ளைக்கு அந்த உரிமையும் இல்லை. இலக்கியம் சட்டத்தைவிடக் கடுமையாகவும் குறைந்த நுட்பத்தோடும் இயங்குவது வருந்தத்தக்கது.

கடன் வாங்கிய கதை

இவ்வாய்பாடு பெரும்பாலும் தமிழ்நாட்டு வணிக இதழ்களிலிருந்து பெறப்பட்டது என்பது நம் கருத்து. அமெரிக்காவில் கணிப்பொறி வல்லுநராக இருக்கும் மகன், சென்னைப் புறநகரில் தனித்து விடப்பட்ட பெற்றோர் என்பது அங்கே ஒரு குறிப்பிட்ட காலத்தின், குறிப்பிட்ட வர்க்கத்தின் அனுபவம். அதனைச் சிறு மாற்றங்களோடு இங்கே நடும்போது இம்மண்ணுக்குரிய வரலாறு மறைந்துவிடுகிறது.

மலாயாவில் தமிழ் முதியவர் இல்லத்துக்குச் சென்ற வழி வேறு. தென்னிந்தியத் தொழிலாளரைக் கொண்டுவருவதற்காக 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் பெற்றது. முதலாளிமாரிடம் திரட்டப்பட்ட அப்பணத்தில் ஆள்சேர்ப்புச் செலவோடு, உழைக்க இயலாமற்போன தொழிலாளரைத் தாயகம் அனுப்பும் செலவும் அத்தகையோர்க்கான இல்லங்களின் செலவும் அடங்கின. அதாவது, கைவிட மகன் என்று ஒருவன் இருப்பதற்கு முன்பே இங்கே இல்லம் தோன்றிவிட்டது. தனி ஆளாகக் கப்பலேறி, தனி ஆளாகவே உழைத்து ஓய்ந்தவருக்கு அது கட்டப்பட்டது. பின்வந்த தலைமுறைக்கு 1951 முதல் சேமநிதி கிடைத்தது. ஆனால் வீடு கிடைக்கவில்லை. லயத்து வீடு நிர்வாகத்துக்குரியது. வேலை ஓய்ந்தால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்பு நிலங்களாக மாறியபோதும் பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடிகளின் சிறிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஐவர் உறங்கும் அவ்வீட்டில் படுத்த படுக்கையான ஒருவருக்கு இடம் எங்கே என்பது குணத்தைப் பற்றிய வினாவா, சதுர அடியைப் பற்றிய வினாவா? தோட்டத்தை எழுதித் தேர்ந்த நம் படைப்பாளர்கள், தோட்டத்துக்கும் இல்லத்துக்கும் இடையேயுள்ள இப்பாதையை எழுதாமல் விட்டிருப்பது வியப்பளிக்கிறது. லயத்திலிருந்து வந்த மூதாட்டிக்கு வரிசையாகக் கட்டில் போட்ட நீண்ட கூடம் ஒருவேளை பழகிய இடமாகத் தோன்றியிருக்கவும் கூடும். விடியற்காலை மணியும் பெயரழைத்துச் சரிபார்த்தலும் அவருக்குப் புதியவை அல்ல.

அன்றைய வீடு

இக்கதைகளின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: முன்பு கூட்டுக்குடும்பம் இருந்தது, அதில் முதியோர் போற்றப்பட்டனர், இன்று அது சிதைந்தது. மானிடவியலாளர் லாரன்சு கோஹன் 1998இல் வெளியிட்ட இந்திய முதுமை பற்றிய நூலில், முதுமையைக் குறித்த இந்தியப் பேச்சு முழுவதையும் இவ்வீழ்ச்சிக் கதை எவ்வாறு ஆள்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார். உடலின் மூப்பையும் நினைவின் தளர்ச்சியையும் பேச வேண்டிய இடத்தில் 'கெட்ட குடும்பம்' வந்து அமர்ந்துகொள்கிறது என்பது அவர் காட்டும் சிக்கல். நம் போட்டிக் கதைகளுக்கு இதனைவிடப் பொருத்தமான உரை கிடைப்பதரிது.

தமிழின் பழைய நூல்களே அந்நம்பிக்கைக்கு முழுச் சான்று தருவதில்லை. புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் தாயைக் காட்டுகிறார். அவள் மகன் வீட்டில்தான் இருக்கிறாள். கோலூன்றி, பார்வை மங்கி, முற்றத்தைத் தாண்ட இயலாமல், உயிர் போகவில்லையே என்று வாழ்நாளை நொந்துகொண்டிருக்கிறாள். மகன் கொடியவன் அல்லன்; வீட்டில் சோறில்லை. வறுமையும் மூப்பும் ஓரிடத்தில் சேர்ந்தால் சொந்த வீடும் துயரிடமாகும் என்பதைக் கண்ட புலவர், அதற்கு யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. மணிமேகலையில் வரும் உலகவறவி வேறொரு செய்தியைத் தருகிறது. பேணுவார் இல்லாதவரும் உடற்குறையுடையவரும் ஒதுங்கிய பொதுவிடம் அது. அங்கே மணிமேகலை அமுதசுரபியோடு நுழைவதைக் காப்பியம் ஒரு காதையாகவே பாடுகிறது. அவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவதற்கு இன்னொரு காதை. வீட்டுக்கு வெளியே பேணப்படுவது இழிவு என்ற எண்ணம் அக்காப்பியத்தில் இல்லை. 'முதியோர் இல்லம் நம் பண்பாட்டுக்கு அயலானது' என்று மேடைகளில் முழங்குவோர் மணிமேகலையை மறந்துவிட்டனர் போலும்!

சாரா லேம் 2009இல் வெளியிட்ட நூலில் கொல்கத்தா முதியோர் இல்லங்களில் தாம் கண்டவற்றை எழுதியுள்ளார். அங்கு வாழ்வோருள் சிலர் இல்லத்தைக் கைவிடப்பட்ட இடமாகவும், வேறு சிலர் குடும்பப் பொறுப்பு நீங்கிய வானப்பிரத்த நிலைக்கு ஒப்பானதாகவும் கொள்வதை அவர் பதிவு செய்கிறார். ஒரே கூரையின் கீழ் இரு பொருளும் நிலவ முடியும். ஒரே ஆளிடத்தில் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் நிலவக்கூடும் என்றும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

முதியவரை மனிதராக எழுதியவர்கள்

தமிழால் இது இயலாது என்பதில்லை. தி. ஜானகிராமனின் 'பாயசம்' கதையை நினைவுகூர்க. அண்ணன் மகனின் செழிப்பைக் கண்டு பொறாத முதியவர், அவன் வீட்டுத் திருமணத்தில் ஊரே உண்ணவிருந்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு எலி விழுந்ததாகப் பொய் சொல்கிறார். அவர் நல்லவர் அல்லர். ஆயினும், இழந்த மனைவியோடு மனத்துக்குள் பேசிக்கொண்டும் தன் அற்பத்தனத்தைத் தானே உள்ளூர அறிந்தும் வாழும் அம்முதியவரை வாசகர் மறப்பதில்லை. பொறாமைகொள்ளும் உரிமையை ஆசிரியர் அவருக்கு வழங்கியதே அதற்குக் காரணம். அத்தகைய ஒருவர் இல்லத்தின் பொதுக்கூடத்தில் அமர்ந்திருந்தால் என்ன நிகழும்? பக்கத்துக் கட்டிலுக்கு ஞாயிறுதோறும் பேரப்பிள்ளைகள் வருவதைக் கண்டு அவர் எதைக் கவிழ்ப்பார்? இதனை எழுதியவரை நாம் இன்னும் காணவில்லை.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' இதனினும் கடியது. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் குடும்பத்துக்கு, நடக்கவியலாத பாட்டி ஒரு தடை. கதை பாட்டியின் சாவைச் சொல்லாமற் சொல்லி நின்றுவிடுகிறது. எஸ்தரைக் கொலையாளி எனத் தூற்றவோ தியாகி எனப் போற்றவோ ஆசிரியர் வாசகருக்கு இடந்தரவில்லை. முதியோரைப் பேணுதல் பற்றிய அறவினாவை இவ்வளவு சுருங்கிய பரப்பில் இவ்வளவு கூர்மையாக எழுப்பிய தமிழ்க்கதைகள் மிகச் சில. திரைப்படத்தில் பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989) குறிப்பிடத்தக்கது. சொக்கலிங்க பாகவதர் நடித்த முதியவர் மனைவியை இழந்து, சிற்றூரை நீங்கி, சென்னையில் குறைந்த வருவாயில் காலந்தள்ளும் உறவினர் வீட்டை அடைகிறார். இறுதியில் இல்லத்துக்குச் செல்கிறார். அவ்வீட்டார் கொடியவராகக் காட்டப்படவில்லை. குறுகிய வீடும் மாதக் கடைசியும் முதியவரின் சின்னஞ்சிறு ஆசைகளும் ஒன்றோடொன்று உராய்வதைப் படம் பொறுமையோடு பார்க்கிறது.

நினைவை எவ்வாறு கையாள்வது என்பதற்குத் தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடலே (புறநானூறு 243) இன்றளவும் நல்ல ஆசான். பேச்சுக்கிடையே இருமும் கிழவர், மருதமரக் கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்த இளமையை எண்ணுகிறார். அந்நினைவில் அவர் யாருக்கும் எந்தத் தியாகமும் செய்யவில்லை, விளையாடினார், அவ்வளவே. நம் போட்டிக் கதைகளின் மூதாட்டிக்குத் தியாகத்தைத் தவிர வேறு நினைவில்லை. அவள் ஒருபோதும் ஆற்றில் குளித்ததில்லை, திருவிழாவில் வளையல் வாங்கியதில்லை, எவனையும் திரும்பிப் பார்த்ததில்லை.

எழுதப்படாத நாள்

எர்விங் கோஃப்மன் 1961இல் மனநல மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில் 'முழுமை நிறுவனம்' என்னும் கருத்தை முன்வைத்தார். உறக்கம், உணவு, வேலை, ஓய்வு அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், கூட்டமாக, கால அட்டவணைப்படி நிகழும் இடம் அது. முதியோர் இல்லங்களையும் அவர் இவ்வகையில் சேர்த்தார். அங்கே தன்னைத் தான் என்று காட்டிக்கொள்ள மனிதர் சிறு சிறு வழிகளைத் தேடுவர் என்பதும் அவர் கண்டது. கதாசிரியருக்கு இதுவே சுரங்கம். ஆறு மணிக்குக் குளிக்கவைக்கப்படுபவர், தாம் ஏழு மணிக்குக் குளித்துப் பழகியவர் என்பதை யாரிடம் சொல்வார்? திருநீற்றை யார் எட்டும் உயரத்தில் வைப்பார்? அரைத்துக் குழைத்த உணவில் மிளகாய்க்காரம் இல்லை என்பதற்கு ஒருவர் என்ன செய்வார்? கட்டிலுக்கருகிலுள்ள சிறிய பெட்டிக்குள் எதை ஒளித்து வைப்பார்? தன்னைக் கழுவிவிடும் கை அயலானுடையது என்ற நாணத்தை ஒரு கிழவி எத்தனை நாளில் கடப்பாள்? கடக்காமலே போவாளா? இவற்றை நாம் கதைகளில் தேடினோம், கிடைக்கவில்லை.

மொழி பற்றிய ஒரு செய்தியும் உண்டு. அது தமிழ்த்துறையினராகிய நமக்கு நேரடியாக உரியது. முதுமறதி நோயுற்ற இருமொழியாளரிடத்தில், பின்னர்க் கற்ற மொழி நழுவி முதலில் கற்ற மொழி எஞ்சும் நிலை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஐம்பது ஆண்டு மலாயும் ஆங்கிலமும் பேசித் திரிந்தவர் ஒருநாள் தமிழ் மட்டுமே பேசத் தொடங்கலாம். அதுவும் நூல்தமிழ் அன்று. தஞ்சைப் பக்கத்திலிருந்தோ சேலத்துப் பக்கத்திலிருந்தோ பெற்றோர் கொண்டுவந்த வீட்டுத்தமிழ். அவரருகே நிற்கும் தாதி பிலிப்பீன்சையோ மியன்மாரையோ சேர்ந்தவராக இருக்கலாம். 'தண்ணி' என்ற சொல் அங்கே புரியாமற்போவது ஓர் உருவகமன்று; நாவறட்சி. இதற்கு மாறான காட்சியும் உண்டு. சிங்கப்பூரில் பழைய தலைமுறைச் சீன மூதாட்டியும் தமிழ் முதியவரும் தமக்குள் பேச்சு மலாயில் உரையாடுவர்; அம்மொழி இளைய பேரர்க்கே விளங்காது. அழிந்துவரும் அச்சந்தைமொழிக்குத் தாதிமை இல்லத்துக் கூடம் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. எவ்வளவு பெரிய கதை அங்கே வாளாவிருக்கிறது!

பராமரிப்பாளரும் நம் கதைகளில் நிழலாகவே வருகின்றனர். அன்பான 'மிஸ்ஸி', அல்லது கடுமையான 'மிஸ்ஸி', இவ்விரண்டே வகை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்கே முதியோரைப் பேணும் பெண்கள் இருக்கின்றனர். அவர்தம் தாயை ஊரில் யார் பேணுகிறார் என்ற வினா, ஆர்லி ஹோக்சீல்டு 'உலகப் பராமரிப்புச் சங்கிலி' என்று பெயரிட்ட நிலைக்கு நம்மை அழைத்துச் செல்லும். அவ்வினாவில் மகன் மட்டும் குற்றவாளியாக இருக்க மாட்டான். மாதக் கட்டணம் செலுத்தும் நாமும் அதனுள் வருவோம்.

வகுப்பறையில்

இவ்வாய்பாட்டைக் கதையாசிரியர்கள் தாமே கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'முதியோர் இல்லங்கள் பெருகக் காரணங்கள்' என்பது நம் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் கட்டுரைத் தலைப்பு. பட்டிமன்றத்துக்கும் அது உகந்ததாக உள்ளது. மேலைப் பண்பாட்டுத் தாக்கம், மருமகள் கொடுமை, பொருளாசை என மாணவர் வரிசைப்படுத்துவர். நாம் புள்ளிகள் வழங்குவோம். அவ்வகுப்பில் ஒரு மாணவியின் பாட்டி இல்லத்தில் இருக்கக்கூடும். வாரந்தோறும் சென்று தலைவாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டு வரும் அம்மாவோடு அவளும் சென்றுவரக்கூடும். தன் தாயைக் கொடியவள் என்று எழுதினால்தான் உயர்ந்த புள்ளி என்பதை அவள் எவ்வாறு எடுத்துக்கொள்வாள்? கருத்து விளக்கக் கட்டுரையில் தொடங்கும் இக்கட்டாயமே பின்னாளில் சிறுகதையாக முதிர்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் படைப்பிலக்கிய வகுப்பில் மாணவர் ஒருவர் அளித்த கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தனியார் இல்லமொன்றில் இரு மூதாட்டியர். ஒருவர் தமிழர், மற்றவர் சீனர். ஒரே விசிறி, அது யார் பக்கம் திரும்பி நிற்பது என்பதில் நாள்தோறும் சச்சரவு. இரவில் ஒருவர் உறங்கியதும் மற்றவர் நடைகோலால் விசிறியைத் தம் பக்கம் தள்ளுவார். ஒருநாள் சீன மூதாட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். தமிழ் மூதாட்டிக்கு அன்றிரவு விசிறி முழுவதும் கிடைக்கிறது, குளிர்கிறது, தாதியைக் கூப்பிட்டு அதனை வெற்றுக் கட்டில் பக்கம் திருப்பச் சொல்கிறார். அதுவரை கதை ஒரு பிசிறுமின்றி வளர்ந்திருந்தது. அதற்கடுத்த பத்தியில் மகன் வருகிறான், காலில் விழுகிறான், அழுகிறான். முன்பக்கங்களில் அப்படி ஒருவன் இருந்ததற்கான குறிப்பே இல்லை. இப்பத்தி எதற்கு என்று கேட்டோம். விசிறியோடு முடித்தால் கதையில் கருத்து எங்கே என்று நடுவர்கள் கேட்பார்கள் என்றார் அவர். அவர் சொன்னது சரியே. அதே ஆண்டு வேறொரு போட்டியில் அக்கதை மகனோடு சேர்ந்து பரிசு பெற்றது.